பொது வார்டில் திரை யாருக்கு?

மருந்தைப் பற்றிப் பேசிய வள்ளுவர் அதை நான்கு கூறாகப் பிரித்தார்: நோயாளி, நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் இரண்டு நாள் படுத்து எழுந்தவருக்கு, இந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஒருவரையும் சேர்க்கத் தோன்றும். அவர்தான் பக்கத்துக் கட்டில்காரர். உறவு இல்லை, பழக்கம் இல்லை. ஆனாலும் நோயாளியின் மனைவிக்குத் தெரியாத சங்கதி அவருக்குத் தெரியும். காலையில் மருத்துவர் சுற்றி வரும்போது கேட்கும் கேள்வி அவர் காதிலும் விழுகிறது. நோயாளி தயங்கித் தயங்கிச் சொல்லும் பதிலும் விழுகிறது. மலத்தில் இரத்தம் கலந்து போனதா, கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, குடிப்பழக்கம் எத்தனை வருடமாக என்பதெல்லாம் அந்த வரிசை முழுவதற்கும் பொதுச் செய்தியாகிவிடுகின்றன.

இதைக் குறையாகச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கான கட்டணம் ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி. 1951ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டத்தின் கீழ் 1982ல் வந்த மருத்துவக் கட்டண ஆணை வகுத்த முறை அது. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பம் அறுவைச் சிகிச்சைக்காக வீட்டை விற்க வேண்டியதில்லை என்பது சாதாரண விஷயமல்ல. பக்கத்து நாடுகள் பலவற்றில் இந்த நிலை இல்லை. ஆனால் அதே ஆணையில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவுகளும் இருக்கின்றன. மூன்று வகுப்புக்கும் மருத்துவம் பார்ப்பவர் அதே மருத்துவராக இருக்கலாம். கொடுக்கும் மருந்தும் ஒன்றாக இருக்கலாம். வகுப்புக்கு வகுப்பு கண்ணுக்குத் தெரியும் பெரிய வேறுபாடு சுவரும் கதவும்தான்.

ஏழை நோயாளிக்கு ஏன் கதவு இல்லாமல் போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஏறக்குறைய 170 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

காற்றும் கண்காணிப்பும்

கிரைமியப் போரில் காயம்பட்ட படைவீரர்களைக் கவனித்துத் திரும்பிய புளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859ல் மருத்துவமனைகளின் அமைப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். குண்டுபட்டு இறந்தவர்களைவிட மருத்துவமனைக்குள் காய்ச்சலிலும் கழிச்சலிலும் இறந்தவர்கள் அதிகம் என்பதை அந்தப் போர் காட்டியிருந்தது. கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போது நிலைபெறவில்லை. ஆகவே அவர் வகுத்த வார்டு நீளமான ஒரே அறை. இருபுறமும் வரிசையாகக் கட்டில்கள், சுவர் நெடுக உயரமான சன்னல்கள், ஒரு கோடியில் தலைமைத் தாதியின் அறை. முப்பது நோயாளிகளையும் ஒரு தாதி ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். மூலை முடுக்கு இருந்தால் அங்கே அழுக்கு சேரும். மறைவு இருந்தால் அங்கே கவனிப்பு குறையும். 1871ல் லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் திறக்கப்பட்ட செயின்ட் தாமஸ் மருத்துவமனை இந்த அமைப்பில்தான் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் இந்த அமைப்பும் போயிற்று.

அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம்தான். ஒரே கட்டிலில் இருவரைப் படுக்க வைத்த பழைய ஐரோப்பிய மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால், ஆளுக்கொரு கட்டில் கிடைத்ததே மரியாதை. ஆனால் நோயாளி கூச்சப்படுவான் என்பதற்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. மடக்குத் திரை ஒன்றிரண்டு இருக்கும். படுக்கையிலேயே குளிப்பாட்டும்போதும் கழிகலம் வைக்கும்போதும் அதை உருட்டிக்கொண்டு வருவார்கள். உயிர் பிரியும் நேரத்திலும் அதே திரைதான். ஒருவர் கட்டிலைச் சுற்றித் திரை வந்து வெகுநேரம் விலகவில்லை என்றால் வார்டு முழுவதும் பேச்சடங்கிப் போகும்.

கோலாலம்பூர் மருத்துவமனையின் வரலாறு 1870ல் ஒரு மாவட்ட மருத்துவமனையாகத் தொடங்குகிறது. ஈயச் சுரங்கங்களிலும் சாலை வேலையிலும் இரயில் பாதையிலும் காய்ச்சலுக்கு ஆளானவர்கள் வந்து விழுந்த இடம் அது. வெப்ப நாட்டில் காற்றோட்டம் இன்னும் அவசியம் என்பதால் வார்டுகள் திறந்த கூடங்களாகவே அமைந்தன. கிள்ளானின் கதை இன்னும் கடுமை. மருத்துவர் மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே பொறுப்பேற்றபோது மலேரியா ஊரையே முடக்கிப் போட்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய கிள்ளான் துறைமுகத்தை, மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குச் சாவுகள். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, தேங்கிய நீரை வெளியேற்றி, சில ஆண்டுகளில் அவர் நிலைமையை மாற்றிக் காட்டினார். கிள்ளானின் வடிகால் வேலை உலக மருத்துவ வரலாற்றில் பேசப்படுவது அதனால்தான். அப்படிக் காய்ச்சலில் தவித்த காலத்தில் கட்டிலுக்குக் கட்டில் எவ்வளவு இடைவெளி என்று யார் கேட்டிருப்பார்கள்? படுக்க இடம் கிடைத்தால் போதும் என்பதுதான் நிலைமை. கொள்ளைநோய்க் காலத்துக்கு ஏற்ற அந்த ஏற்பாடு, கொள்ளைநோய் போன பிறகும் அப்படியே நிலைத்துவிட்டது.

எல்லாருக்கும் அப்படி இல்லை

காற்றோட்டமும் கண்காணிப்பும்தான் காரணம் என்றால் வெள்ளைக்காரருக்கும் அதே கூடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் ஐரோப்பியருக்கென்று பங்சார் குன்றில் தனி மருத்துவமனை இருந்தது. காற்று அங்கேயும் வீசியது, அறைகளும் இருந்தன. இனத்தால் முதலில் பிரித்த கோடு, காலப்போக்கில் பதவியாலும் பணத்தாலும் பிரித்த கோடாக மாறியது. அரசு ஊழியர் எந்த வகுப்பு வார்டில் சேரலாம் என்பதை அவருடைய பதவித் தரம் முடிவு செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இனக்கோடு மறைந்தது. வகுப்புக்கோடு மறையவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரயில்வே பணிமனையும் அதைச் சுற்றிய குடியிருப்புகளுமாக வளர்ந்த வட்டாரம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' வீடுகள் இடிபடும் வரை பழைய தலைமுறையினருக்கு அடையாளமாக நின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தார்கள். ஒரே சந்தையில் மீன் வாங்கினார்கள். மருத்துவமனை வாசலில் மட்டும் இருவரும் பிரிந்தார்கள். எழுத்தரின் பதவிக்கு ஒரு வகுப்பு, தண்டவாளத்தில் சுத்தியல் பிடித்தவருக்கு வேறு வகுப்பு. ஒரே மொழியில் முனகிய இருவரில் ஒருவருக்குத் தடுப்பு கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

தோட்டங்களில் நிலைமை வேறு மாதிரி. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டங்கள் தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் சுமத்தின. பெரிய தோட்டங்கள் சொந்தமாக ஆஸ்பத்திரி கட்டின. சிறியவை நாலைந்து சேர்ந்து ஒன்றை நடத்தின. அன்றாடம் மருந்து கொடுத்தவர் டிரஸர். மருத்துவர் அவ்வப்போது வந்து போவார். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, நோயாளியின் இரகசியம் யாருக்குச் சொந்தம் என்பது. ஆஸ்பத்திரி முதலாளியுடையது. டிரஸருக்குச் சம்பளம் முதலாளி தருவது. நோயின் பெயரும் நோயாளி படுத்த நாட்களும் செக்ரோல் கணக்கோடு தொடர்புடையவை. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது 'ஆஸ்பத்திரி' என்று கங்காணி குரல் கொடுத்தால் லயம் முழுவதும் தெரிந்துவிடும். என்ன நோய் என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். மேகநோய் கண்டவரும் காசநோய் கண்டவரும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் நாட்டு மருந்தைத் தேடிப் போனதற்கு அறியாமை மட்டும் காரணம் என்று எழுதிவிடுவது சுலபம். போனால் ஊருக்கே தெரியும் என்ற அச்சத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வாய் திறந்தால் வார்டுக்கே கேட்கும்

திரை போட்டாலும் தீராத சிக்கல் மொழி. இதைப் பற்றி மருத்துவ வரலாறு எழுதியவர்கள் அதிகம் பேசுவதில்லை; நம்மவர் குடும்பங்களில் மட்டும் கதை கதையாகப் பேசுவார்கள்.

மருத்துவர் ஆங்கிலம் பேசுவார், பின்னாளில் மலாய் பேசுவார். நோயாளிக்குத் தமிழ் மட்டும் தெரியும். நடுவில் ஒருவர் வேண்டும். முறையான மொழிபெயர்ப்பாளர் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்தவர் தமிழ் தெரிந்த தாதி. தாதி இல்லாவிட்டால் தரையைத் துடைக்கும் பணியாள். அவரும் இல்லாவிட்டால் எதிர்க்கட்டிலில் இருக்கும் ஓரளவு படித்த நோயாளி. 'மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேளுங்கள்' என்று மருத்துவர் சொல்ல, முன்பின் தெரியாத ஒருவர் அதைச் சத்தமாகத் தமிழில் கேட்க, அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு 'தெரியவில்லை' என்பார். கோப்பில் 'தெரியவில்லை' என்று பதிவாகும். கூச்சத்தில் சொன்ன அந்தப் பதிலை வைத்துத்தான் சிகிச்சை நடக்கும். மானம் காப்பது ஏதோ மனத்திருப்திக்கான காரியம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மறைவு இல்லாத இடத்தில் உண்மை வெளிவருவதில்லை. உண்மை தெரியாத மருத்துவர் நோயைத் தவறாகக் கணிக்கிறார்.

பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர் ஆவது இன்னொரு கொடுமை. தாயின் கருப்பை பற்றிப் பன்னிரண்டு வயது மகன் மலாயில் விளக்க வேண்டும். தந்தைக்குப் புற்றுநோய் என்பதை முதலில் கேட்பவளும், அதை அவருக்குச் சொல்ல வேண்டியவளும் பள்ளிச் சீருடையில் நிற்கும் மகள். அவள் சொல்லாமல் விட்டாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு இன்னொரு கோணமும் தெரிந்திருக்கும். 1951ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அதனால் பார்வையற்றோர் பலர் வாழ்ந்து தொழில் செய்யும் இடமாக அந்த வட்டாரம் வளர்ந்தது. பார்வையற்ற ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் ஒப்புதல் படிவத்தை இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டும். கட்டில் ஓரத்தில் நின்று உரக்கப் படித்தால் வார்டுக்கே வாசித்த மாதிரி. கண்ணுக்குப் போடும் திரை இந்த இடத்தில் உதவாது.

பெண்களின் எதிர்ப்பு

பொது வார்டின் மானக்கேட்டை முதலில் எதிர்த்தவர்கள் பெண்கள். ஊர்வலம் போகவில்லை, மனு எழுதவில்லை; மருத்துவமனைக்கு வர மறுத்தார்கள். இதற்குச் சென்னையில் தெளிவான சான்று இருக்கிறது. இங்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் புறப்பட்டது அந்த மாகாணத்திலிருந்துதான் என்பதால் அந்தக் கதை இங்கேயும் பொருந்தும்.

வழக்கறிஞரான கணவரோடு 1866ல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி, பிரசவத்தில் உயிர் போகும் நிலையிலும் ஆண் மருத்துவரைப் பார்க்க மறுத்த பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். அது மூடத்தனம் என்று ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. தாமே மருத்துவம் படிக்க முடிவு செய்து, 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். பின்னர் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தார். அவருடைய முயற்சியில் 1885ல் பெண்களுக்கான தனி மருத்துவமனை உருவானது. சென்னைவாசிகள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றார்கள். பின்னாளில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறிய திருவல்லிக்கேணி மருத்துவமனை அதுதான். சாதிக் கட்டுப்பாட்டையும் கோஷா முறையையும் ஏற்றுக்கொண்டே எழுந்த நிறுவனம் என்ற குறை அதற்கு உண்டு. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பெண்ணின் கூச்சத்தைக் கட்டடத் திட்டத்துக்குள் கொண்டுவந்த பெருமையும் அதற்கே உரியது. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றாமல் மருத்துவமனையை நோயாளிக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

மலாயாத் தோட்டங்களில் அப்படி ஒரு ஷார்லீப் அம்மையார் வாய்க்கவில்லை. லயத்து மருத்துவச்சியின் கைகளில்தான் பெரும்பாலான பிரசவங்கள் நடந்தன. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தனி மகப்பேற்றுப் பிரிவுக் கட்டடம் வந்தது 1963ல். அதற்கு முன்பே, 1954ல், பெட்டாலிங் ஜெயாவில் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய அசுந்தா மருத்துவமனை வேறு சமயத்துப் பெண்களையும் ஈர்த்ததற்குப் பெண்களே பெண்களைக் கவனித்தார்கள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இதே காலகட்டத்தில் பொது வார்டுக்கு இன்னொரு பயன் கிடைத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் 1963ல் தொடங்கியது. 1970களில் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் புலம், 1997ல் செராசில் சொந்த மருத்துவமனை அமையும் வரை, கோலாலம்பூர் மருத்துவமனை வார்டுகளில்தான் மாணவர்களைப் பயிற்றுவித்தது. இன்று நாடெங்கும் சேவை செய்யும் மருத்துவர்கள் பலர் கற்றுக்கொண்டது மூன்றாம் வகுப்புக் கட்டில்களின் ஓரத்தில்தான். எட்டுப் பத்து மாணவர்கள் சூழ்ந்து நிற்க, ஒருவர் பின் ஒருவராக வயிற்றை அழுத்திப் பார்க்க, நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அனுமதி கேட்டார்களா? கேட்டவர்களும் உண்டு. கேட்டாலும், மூன்று வெள்ளி வார்டில் இருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவை எங்கிருந்து பெறுவார்? கட்டணச் சீட்டில் எழுதாத இன்னொரு கட்டணத்தையும் அவர் கட்டியிருக்கிறார். அந்தக் கடனை நாடு இன்னும் நன்றியோடு நினைத்துப் பார்க்கவில்லை.

சட்டம் எந்தப் பக்கம்

1995ல் மலேசிய மருத்துவர் சங்கம், பல் மருத்துவர் சங்கம், மருந்தாளர் சங்கம், பயனீட்டாளர் சங்கங்களின் சம்மேளனம் ஆகியவை சேர்ந்து நோயாளர் சாசனம் ஒன்றில் கையெழுத்திட்டன. நோயாளி மனிதத்தன்மையோடு நடத்தப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல ஆவணம், ஆனால் சட்டமல்ல. 1998ல் வந்த தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டமும் 2006ல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் தனியார் மருத்துவமனைகளை வரைமுறைக்குள் கொண்டுவந்தன. நோயாளி குறை சொன்னால் விசாரிக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது உட்படப் பல கட்டாயங்கள் அதில் உண்டு. பெயரே சொல்வது போல, அரசு மருத்துவமனைகள் அதன் வரம்புக்குள் வரவில்லை.

அடுத்து 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டம் உடல்நலத் தகவலை மிகக் கவனமாகக் காக்க வேண்டிய தகவல் என்று வகைப்படுத்துகிறது. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு விலக்கு: கூட்டரசு அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. பங்சார் குன்றுக்கும் பொது வார்டுக்கும் இடையே அன்று இருந்த கோடு நினைவுக்கு வருகிறதல்லவா? அரசு மருத்துவரையும் மலேசிய மருத்துவ மன்றத்தின் ஒழுக்க நெறிகள் கட்டுப்படுத்துகின்றன என்பது உண்மை. இரகசியம் காப்பது அவருடைய கடமை. அந்தக் கடமையை நிறைவேற்ற அவருக்குக் கிடைத்திருப்பதோ முப்பது பேர் காதுகொடுக்கும் ஒரு கூடம்.

சில நேரம் அரசே எதிர்த்திசையில் இழுத்தது. உரிய ஆவணம் இல்லாத அந்நியர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று 2001ல் வெளிவந்தது. தோட்டத்துப் பெரட்டில் 'ஆஸ்பத்திரி' என்று குரல் எழுந்தபோது பாட்டனார் பயந்த பயத்தை, கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நிற்கும் இன்றைய தமிழ்நாட்டுத் தொழிலாளியும் அறிவார்.

நீதிமன்றங்கள் மெதுவாக அசைந்தன. சிவராசா ராசையா தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் ஐந்தாவது விதி காக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்கமும் அடங்கும் என்று சொன்னது. நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பு அது. வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்குக்கும் மருத்துவமனைக்கும் சம்பந்தமே இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் மன்றத்தில் பதவி வகிக்கலாமா என்பதுதான் பிரச்சினை. நேரடி வழக்கு 2010ல் பினாங்கில் வந்தது. மயக்க மருந்தில் இருந்த ஒரு பெண்ணின் மறைவிடத்தை அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவர் அனுமதி பெறாமல் படம் எடுத்தார். மருத்துவப் பதிவுக்காக எடுத்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. பெண்ணின் மானம் சம்பந்தப்பட்ட இடத்தில் முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெண் சிகிச்சை பெற்றது தனியார் மருத்துவமனையில். வழக்கறிஞரை வைத்து வாதாடும் வசதியும் மனத்திடமும் மூன்றாம் வகுப்பு வார்டில் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

கிள்ளானும் சுங்கை பூலோவும்

1980களில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை வந்த பிறகு கிள்ளான் மக்களுக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் சுற்றியிருந்த தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். தோட்ட ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன; அவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. அவசரப் பிரிவில் கட்டிலுக்காகத் தள்ளுபடுக்கையில் காத்திருப்போரின் நெரிசல் 2020களில் அடிக்கடி செய்தியானது. கிள்ளானுக்கு இரண்டாவது பொது மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்தது. தள்ளுபடுக்கைக்குத் திரைக் கம்பி கிடையாது.

பழி முழுவதையும் மருத்துவமனை மேல் போடுவதும் சரியல்ல. பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குள் நுழையும் நம்மவர் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். தம் உறவினருக்குக் கொண்டுவந்த ஆரஞ்சில் இரண்டைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுப்பார்கள். கொடுத்த கையோடு 'என்ன வியாதி?' என்றும் கேட்பார்கள். அதில் அன்பும் இருக்கிறது, அத்துமீறலும் இருக்கிறது. கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்தில் பின்னால் படுத்திருப்பவரும் விழுகிறார் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. இன்னொரு பக்கம், நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது தாதியைக் கூப்பிட்டுக் குரல் கொடுப்பவரும் அதே பக்கத்துக் கட்டில்காரர்தான். தனி அறை கிடைத்தும் 'பேச ஆளில்லை' என்று பொது வார்டுக்கே போகக் கேட்கும் முதியவர்களும் உண்டு. அவர்கள் கேட்பது துணை; அதற்காகத் தம் உடம்பை எல்லார் பார்வைக்கும் வைக்கச் சம்மதித்தார்கள் என்று பொருளாகாது.

ஏழை நோயாளிக்கும் கதவு வைத்த வீடு கொடுத்த ஏற்பாடு ஒன்று இதே பள்ளத்தாக்கில் இருந்தது. கோலாலம்பூரின் செத்தாப்பாக்கில் தொழுநோயாளிகள் அடைபட்டுக் கிடந்த முகாமின் அவலத்தைக் கண்ட மருத்துவர் டிராவர்ஸ், சிறைபோன்ற கூடங்கள் வேண்டாம், சிறு சிறு வீடுகள் கட்டுங்கள் என்று வாதாடினார். அதன் பலனாக 1930ல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. மரங்கள் சூழ்ந்த தெருக்கள், வீட்டு முன்னால் தோட்டம் போட இடம், பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தேவாலயம். கோலாலம்பூரில் மூன்றாம் வகுப்பு நோயாளிக்குத் திரைகூட இல்லாத காலத்தில், ஊர் ஒதுக்கிய தொழுநோயாளிக்குச் சொந்த வாசற்படி இருந்தது. ஆனால் 1926ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. சுற்றிலும் வேலி. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். பல தாய்மார்கள் பிள்ளையின் முகத்தைப் பிறகு பார்க்கவே இல்லை. வீடு கிடைத்ததற்குக் காரணம், அவர்கள் திரும்பிப் போவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதுதான்.

மருந்து வந்து நோய் குணமாகத் தொடங்கிய பிறகு வேலியும் தளர்ந்தது. குடியிருப்பின் ஒரு பகுதி 2007ல் இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதி இன்று பூச்செடிப் பண்ணைகளுக்குப் பேர் பெற்ற இடம்; வார இறுதியில் கார்கள் வரிசையாக நிற்கும். பழைய நோயாளிகளில் சிலர் அந்த வீடுகளிலேயே முதுமையைக் கழித்தார்கள். பக்கத்தில் 2006ல் திறந்த சுங்கை பூலோ மருத்துவமனை, 2020ல் கோவிட் நோயாளிகளுக்கான தலைமை மருத்துவமனையாயிற்று. அதன் வார்டுகளில் கட்டிலைச் சுற்றித் திரைகள் உண்டு. இழுத்து மூடிவிட்டு, மருத்துவர் வழக்கமான குரலில் முதல் கேள்வியைக் கேட்கிறார்.